நடித்துக் காட்டினால் என்ன தவறு?

கேள்வி: கன்னியாகுமரிப் பகுதியைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூடு பற்றி எங்கள் பகுதி இளைஞர்கள் எடுத்த ஆவணப்படம் பார்த்தேன். மலையாளிகள் தமிழர்களை ஒடுக்கிய கதையாகச் சொல்லியிருக்கிறார்கள். போலீஸ் சுடுவதும் கூட்டம் சிதறி ஓடுவதும் பழைய கறுப்பு வெள்ளைப் படமாகவே வந்தன. அது நடித்து எடுத்தது என்று பிறகுதான் தெரிந்தது. நடந்ததைத்தானே காட்டுகிறார்கள், இதில் என்ன தவறு?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: நடித்தது தவறில்லை. அதைச் சொல்லாமல், பழைய பிலிம் போலத் தோன்றவைத்தது பெரிய தவறு. நீங்களே ஏமாந்திருக்கிறீர்கள்.

1917இல் ரஷ்யப் புரட்சிப் படை குளிர்கால அரண்மனையைப் பிடித்தது. பத்தாண்டு நிறைவுக்காக சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் 'அக்டோபர்' படத்தில் பெருங்கூட்டத்தைத் திரட்டி அதைப் படமாக்கினார். அவர் எடுத்தது கதைப்படம், யாரையும் ஏமாற்றவில்லை. பின்னால் வந்தவர்கள் அதிலிருந்து துண்டுகளை எடுத்து, 1917இல் பதிவான காட்சியாகவே ஆவணப்படங்களில் ஒட்டினார்கள். பெரிய சண்டையில்லாமல் இரவில் விழுந்த அரண்மனை அது. பலர் மனத்தில் இன்று நிற்பதோ சினிமாவில் விழுந்த அரண்மனை.

உங்கள் ஊர்க் காட்சிக்கும் இதுவே நடக்கும். யாராவது அதைத் தனியே வெட்டி, '1954இன் அரிய காட்சி' என்று பரப்புவார்கள். இன்னொருவர் போலி என்று நிரூபிப்பார். அதோடு நிற்காது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குண்டடிபட்டுச் செத்தவர்களும் கட்டுக்கதை என்று பேச ஆள் வருவார்கள். தியாகிகளுக்கு நாம் இதையா செய்வது?

அடுத்தது, விட்டுவிடுவதால் வரும் பொய். சுட்டது, அன்று இந்தப் பகுதி இருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசின் போலீஸ். அந்த அரசு பதவி விலக வேண்டும் என்று சிறையிலிருந்தபடியே கேட்டவர் அதே கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா. அவரைப் படத்தில் சொல்லியிருக்கிறார்களா? சொல்லியிருந்தால் தமிழர் – மலையாளி என்ற ஒற்றைக் கோட்டில் கதை நிற்காது. அதேபோல, 1956 நவம்பர் 1 அன்று இன்றைய கன்னியாகுமரி மாவட்டமான நான்கு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்ததில் படத்தை முடிப்பது எளிது. தமிழர்கள் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்டதையும் சொன்னால்தான் வரலாறு.

உண்மையை ஆவணப்படம்போல் வெளிக்கொண்டுவர வேறெதனாலும் முடியாது என்றே நம்புகிறேன். அன்று 18 வயதாக இருந்தவருக்கு இப்போது 90 நெருங்குகிறது. பேசும்போது அவர் எந்த இடத்தில் நிறுத்துகிறார், யார் பெயரைச் சொல்லத் தயங்குகிறார் என்பதைப் புத்தகம் காட்டாது. பின்னணி இசை போடாமல் அவரைப் பேசவிடுங்கள். நினைவும் தவறும். ஆகவே இரண்டு பேரைத் தனித்தனியே கேட்டு, முரண்பட்டால் இரண்டையும் வையுங்கள். அந்த வாரத்துப் பத்திரிகைகளையும் அரசு சொன்ன கணக்கையும் பக்கத்திலேயே காட்டுங்கள்.

அந்த இளைஞர்கள் படத்தைக் கைவிட வேண்டாம். துப்பாக்கிச் சூட்டுக் காட்சி ஓடி முடியும்வரை 'நடித்துக் காட்டப்பட்டது' என்ற எழுத்து திரையில் இருக்கட்டும். படத்தின் தொடக்கத்தில் மட்டும் போட்டால் போதாது. துண்டு வெட்டுகிறவர் அதையும் சேர்த்து வெட்டிவிடுவார்.