65ஆம் எண் சட்டை

அன்புள்ள ஐயா,

நாங்கள் நாஷ்வில் பக்கத்தில் இருக்கிறோம். மகன் பத்தாம் வகுப்பு, பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் லைன்மேன், முன்வரிசையில் நின்று மோதும் ஆள். நல்ல உடம்பு, வேகமும் இருக்கிறது. ஆனால் காலைப் பயிற்சிக்கு எழுப்பினால் எழுந்திருக்க மாட்டான். 'இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு வீணாக்குகிறான்' என்று கோச் புலம்புகிறார். அவனுக்கு உறைக்கட்டும் என்று ஆல்பர்ட் ஹேன்ஸ்வொர்த் கதையைச் சொன்னேன். இங்கே டைட்டன்ஸ் அணியில் கொடிகட்டிப் பறந்தவர், 2009இல் வாஷிங்டன் அணி 10 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டதும் சோம்பேறியாகி, மூன்றே வருடத்தில் காணாமல் போனார். மகன் கேட்டுவிட்டு, 'அவருக்குத்தான் பணம் வந்துவிட்டதே' என்று சிரிக்கிறான். பணம்தான் அவரைக் கெடுத்ததா? மேதைகளுக்கும் ஒழுங்குக்கும் ஆகவே ஆகாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் மகனுக்கு என் பாராட்டு. கதையில் இருக்கும் ஓட்டையை அவன்தான் சரியாகப் பிடித்திருக்கிறான். 10 கோடியில் 4.1 கோடி டாலர் எப்படியும் கைக்கு வந்துவிடும் என்ற உறுதியோடுதான் ஒப்பந்தமே போட்டார்கள். அதில் 2.1 கோடி 2010 ஏப்ரல் 1ஆம் தேதி போனஸாக வந்து சேர்ந்தது. அப்படிப்பட்ட ஆளைக் காட்டி ஒரு பதினைந்து வயதுப் பையனைப் பயமுறுத்த நினைத்தால் சிரிக்காமல் என்ன செய்வான்?

பணம் கெடுத்ததா என்ற கேள்வியை விட்டுத்தள்ளுங்கள். பணத்தால் கெட்டார் என்றால், பெரிய பணம் வருவதற்கு இரண்டரை வருடம் முன்னால், 2006 அக்டோபர் 1 அன்று, உங்கள் ஊர் மைதானத்தில் நடந்தது எதனால்? டாலஸ் கௌபாய்ஸ் அணி டச் டவுன் போட்டு, அதாவது பந்தைக் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்த்து, ஆட்டம் நின்றுவிட்டது. அவர்களுடைய சென்டர், அதாவது முன்வரிசையின் நடுவில் நிற்கும் ஆந்த்ரே குரோட், தரையில் கிடக்கிறார், தலையில் ஹெல்மெட் இல்லை. ஆறரை அடி உயரம், ஏறக்குறைய 150 கிலோ எடை உள்ள ஹேன்ஸ்வொர்த், ஆணி வைத்த ஷூவோடு அந்த முகத்தை மிதித்தார். முப்பது தையல். ஐந்து ஆட்டங்களுக்குத் தடை போட்டார்கள். அதற்கு முன்னால் மைதானத்தில் செய்த செயலுக்காக என்எஃப்எல் (இந்த அணிகள் ஆடும் தொழில்முறை லீக்) கொடுத்த அதிகபட்சத் தடை இரண்டு ஆட்டம்தான், அதுவும் 1986இல். குரோட் நினைத்திருந்தால் போலீஸ் வழக்காக்கியிருக்கலாம், வேண்டாம் என்றுவிட்டார்.

உங்கள் கடிதத்தில் டைட்டன்ஸ் இருக்கிறது, வாஷிங்டன் இருக்கிறது, 10 கோடி இருக்கிறது. குரோட் இல்லை. எனக்கு அதுதான் எரிச்சல், உங்கள் மேல் மட்டும் இல்லை. வீணான திறமையைப் பற்றி யார் எழுதினாலும் வீணாக்கியவரின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். அவருக்காகத்தான் உச்சுக்கொட்டுகிறார்கள். பக்கத்தில் இருந்தவன் என்ன ஆனான் என்று ஒருவரும் கேட்பதில்லை.

குரோட் யார் தெரியுமா? கல்லூரி வீரர்களை என்எஃப்எல் அணிகள் வரிசையாகப் பொறுக்கி எடுக்கும் தேர்வில், 2002இல், இருவரும் ஒன்றாக வந்தவர்கள். ஹேன்ஸ்வொர்த் முதல் சுற்றில் 15ஆவது ஆள், குரோட் இரண்டாம் சுற்றில் 37ஆவது ஆள். சென்டர் வேலை பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதது மாதிரி இருக்கும். குனிந்து, பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) கையில் கொடுக்க வேண்டும். கொடுத்த கை திரும்பி வருவதற்குள் எதிரே இருக்கும் மலை வந்து மோதும். இவர் ஒரு கையில் பந்தோடு, தலை தாழ்ந்த நிலையில் ஆரம்பிக்கிறார், அவனுக்கு இரண்டு கையும் சும்மா இருக்கிறது. இதை ஓர் ஆட்டத்தில் அறுபது தடவைக்கு மேல் செய்ய வேண்டும். பந்து கொஞ்சம் கோணலாகப் போனால் மட்டும்தான் டிவிக்காரர்கள் பெயரைச் சொல்வார்கள். மிதிபட்ட அதே சீசனில் குரோட் நட்சத்திர ஆட்டமான ப்ரோ பௌலுக்குத் தேர்வானார். அப்புறம் தொடர்ந்து நான்கு வருடம், மொத்தம் ஐந்து. ஹேன்ஸ்வொர்த் வாழ்நாளில் தேர்வானது இரண்டே முறை, 2007, 2008. ஐந்து தடவை போனவரை 'கடின உழைப்பாளி' என்பீர்கள், இரண்டு தடவை போனவரை 'மேதை' என்பீர்கள். என்ன கணக்கு இது? ஒரு கையில் பந்தை விட்டுவிட்டு, அதே மூச்சில் 150 கிலோவை நிறுத்துவது திறமை இல்லாமல் வேறு என்ன? நேரத்துக்கு வந்தான் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவனுடைய திறமையைக் கணக்கில் சேர்க்காமல் விடுகிறோம், வராதவனுக்கு அதை இரண்டு மடங்காக எழுதிக்கொடுக்கிறோம்.

நான் ஒரு வார இதழில் வேலை பார்த்த காலத்தில் ஓர் ஓவியர் இருந்தார். கோடு போட்டால் அப்படியே உயிர் வரும். ஆனால் இதழ் அச்சுக்குப் போகிற இரவு பத்து மணி வரை படம் வராது. கம்ப்யூட்டர் வராத நாட்கள், எழுத்து பதிந்த புகைப்படத் தாளை, புரோமைடை, வெட்டி ரப்பர் சொல்யூஷன் தடவிப் பக்கம் ஒட்டுவார்கள். ஒட்டுபவர் மற்ற எல்லாப் பக்கத்தையும் முடித்துவிட்டு, படத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டு, பசை காய்ந்துவிடாமல் டப்பாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். கடைசி பஸ் போய்விடும். படம் வந்ததும் ஆசிரியர் ஓடிவந்து 'பிரமாதம்யா' என்பார், அத்தனை பேரும் சுற்றி நின்று பார்ப்போம், நானும்தான். ஒட்டுபவரின் கை அந்தப் படத்தைக் கட்டத்தில் ஒரு நூல் பிசகாமல் இறக்குவதை யாரும் நின்று பார்த்ததில்லை. அந்த ஓவியரைப் பற்றி இன்றைக்கும் கதை கதையாகச் சொல்கிறார்கள், குடித்தது, கோபித்துக்கொண்டு போனது, எல்லாம். ஒட்டுபவரைக் கேட்டால் 'யாரு?' என்கிறார்கள்.

சரி, ஹேன்ஸ்வொர்த்துக்கு வருகிறேன், அவர் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் தப்பு. டென்னசி டைட்டன்ஸில் ஜிம் வாஷ்பர்ன் என்ற கோச் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே வேலை. இரண்டு ஆட்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் பாய், உடைத்துக்கொண்டு போய் குவார்ட்டர்பேக்கைப் பிடி. 2008இல் எட்டரை சாக், அதாவது பந்தை எறிவதற்குள் குவார்ட்டர்பேக்கைப் பிடித்து வீழ்த்தியது. ஒரு டிஃபென்சிவ் டேக்கிளுக்கு, தடுக்கும் அணியின் முன்வரிசை நடுவில் நிற்பவருக்கு, அது எக்கச்சக்கம். அந்த வருடம் டைட்டன்ஸ் 16 ஆட்டத்தில் 13 ஜெயித்தது. 2010இல் வாஷிங்டனுக்கு மைக் ஷானகன் தலைமைக் கோச்சாக வந்து, முன்வரிசையில் மூன்றே பேரை நிறுத்தும் முறைக்கு மாற்றினார். அதில் நடுவில் நிற்பவன் பாயக் கூடாது. இரண்டு பேரைத் தன் மேல் சுமந்துகொண்டு அங்கேயே நிற்க வேண்டும், பின்னாலிருந்து லைன்பேக்கர், முன்வரிசைக்கு அடுத்து நிற்பவன், வந்து பிடித்துப் பெயர் வாங்கிக்கொள்வான். கவனித்தீர்களா? அடுத்தவனுக்காக அடி வாங்கும் வேலை. கிட்டத்தட்ட குரோட்டின் வேலை. மாட்டேன் என்றார்.

மாட்டேன் என்பது அவர் உரிமை. ஆனால் ஏப்ரலில் காசை வாங்கிக்கொண்டு மாட்டேன் என்றார் பாருங்கள், அங்கேதான் எனக்கு அவர் மேல் இருந்த கொஞ்ச அனுதாபமும் போய்விட்டது. ஷானகன் பதிலுக்கு ஓர் ஓட்டப் பரீட்சை வைத்தார். 300 கெஜத்தைத் திரும்பித் திரும்பி 70 விநாடிக்குள் ஓட வேண்டும், கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மறுபடி 73 விநாடிக்குள். ஹேன்ஸ்வொர்த் தேறுவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது, அதுவரை நாடே வேடிக்கை பார்த்தது. அந்தக் கோச்சுக்கும் வீம்பு இருந்தது என்பீர்கள். இருந்தது, இருக்கட்டும்.

நவம்பர் 15, பிலடெல்பியாவுக்கு எதிரான ஆட்டம். ஒரு தள்ளில் கீழே விழுகிறார். பந்து இன்னும் எதிரணி குவார்ட்டர்பேக் மைக்கேல் விக் கையில் இருக்கிறது, மற்றவர்கள் துரத்திக்கொண்டிருக்கிறார்கள், இவர் விழுந்த இடத்திலேயே படுத்திருக்கிறார். அடிபடவில்லை, சும்மா எழுந்திருக்கவில்லை. அந்தப் பதிவைப் போட்டு இன்னும் சிரிக்கிறார்கள், நான் மற்ற பத்துப் பேரைத்தான் பார்க்கிறேன். அன்றைக்கு 59-28 என்று தோற்றார்கள். டிசம்பரில் மீதி நான்கு ஆட்டங்களுக்கு அணியே அவரை உட்கார வைத்தது. அப்புறம் பேட்ரியட்ஸ், பக்கனியர்ஸ், ஒரே வருடத்தில் இரண்டு அணி, 2012 தொடக்கத்தில் ஆட்டமே முடிந்தது. அப்போது அவருக்கு முப்பது வயதுதான், முப்பத்தொன்று ஆக இன்னும் சில மாதம் இருந்தது.

இவ்வளவு திட்டியபின் இதையும் சொல்ல வேண்டும். 2019இல் அவருக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. யாராவது ஒரு கிட்னி கொடுங்கள் என்று பொதுவில் கேட்டார். படித்தபோது மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஷானகனும் கல்லூரியில் ஆடும்போது ஓர் அடியில் ஒரு சிறுநீரகத்தை இழந்தவர், செத்துப் பிழைத்தவர். அவர்கள் சண்டை போட்ட நாட்களில் இரண்டு பேருக்கும் பொதுவாக எதுவும் இல்லை என்றுதான் எல்லோரும் எழுதினார்கள்.

மேதைக்கும் ஒழுங்குக்கும் ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள். 2007, 2008, ஒப்பந்தம் முடியப்போகிற இரண்டு வருடமும் ஹேன்ஸ்வொர்த் ஒழுங்காகத்தானே இருந்தார்? இதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை. பையனை விடிகாலையில் எழுப்ப என்னிடம் வழியும் இல்லை, நானே எட்டு மணிக்குத்தான் எழுந்திருக்கிறேன். குரோட் அணிந்தது 65ஆம் எண், டாலஸின் பழைய ஆட்டங்கள் கிடைத்தால் ஒரு கால்மணி நேரம் பந்தைப் பார்க்காமல் அந்தச் சட்டையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

லைன்மேன் என்று எழுதியிருக்கிறீர்கள், எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. பந்து வைத்திருக்கிற பக்கமா, உடைக்கிற பக்கமா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.