கோர்லியோனி வீட்டுத் திருமணமும் சிகாகோவின் கடைசி சீசனும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணியின் 1997-98 சீசனைப் புரிந்துகொள்ள, மாஃபியாக் குடும்பம் ஒன்றின் கதையான ‘தி காட்ஃபாதர்’ படத்தைவிட நல்ல துணை இல்லை என்று உங்கள் சென்ற கட்டுரையில் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருந்தீர்கள். அந்த அணியைப் பற்றி 2020இல் வெளிவந்த பத்துப் பகுதி ஆவணத்தொடரை நான் முழுமையாகப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தோன்றிய ஒப்புமை எளிமையானது. அணியின் நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டன்தான், தந்தையின் இடத்துக்கு வரும் இளைய மகன் மைக்கேல் கோர்லியோனி. பெயரும் ஒன்று, ஈவிரக்கமற்ற குணமும் ஒன்று. பொது மேலாளர் ஜெர்ரி கிரௌஸ் அந்தக் குடும்பத்தை அழிக்க நினைத்த பார்சினி. சம்பளம் போதவில்லை என்று முறுக்கிக்கொண்ட ஆட்டக்காரர் ஸ்காட்டி பிப்பன், அந்தக் குடும்பத்தின் பலவீனமான மகன் ஃப்ரெடோ. நீங்களும் இப்படித்தான் எண்ணுகிறீர்களா? பணமும் வயதும் சேர்ந்து ஓர் அணியைக் கலைத்தன என்று நேராகவே சொல்லிவிடக்கூடிய செய்திக்குக் கொலைகாரர்களின் கதையை எதற்குத் துணைக்கு அழைக்க வேண்டும்? அது அவர்களுக்கு மகிமை சேர்ப்பதாகாதா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் ஆளுக்கு ஆள் பொருத்திப் பார்த்திருக்கிறீர்கள். எல்லோரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள், அதில் ஒரு சுகமும் இருக்கிறது. ஆனால் அந்த வரியை எழுதும்போது என் மனத்தில் இருந்தது ஒரே ஒரு காட்சி. போதைப்பொருள் வியாபாரத்துக்கு முதலீடும் அரசியல் பாதுகாப்பும் கேட்டு சொலோஸ்ஸோ வருகிறான். முதியவர் விட்டோ கோர்லியோனி மரியாதையுடன் மறுத்துவிடுகிறார். பேச்சு முடியும் தறுவாயில் மூத்த மகன் சானி குறுக்கே புகுந்து, அந்த வியாபாரத்தில் தனக்கு ஆசை உண்டு என்பதை அரை வாக்கியத்தில் காட்டிக்கொடுத்துவிடுகிறான். விருந்தாளி போன பிறகு தந்தை மகனைக் கூப்பிட்டு, குடும்பத்துக்கு வெளியே உள்ள எவனும் உன் மனத்தில் ஓடுவதை இனி ஒருபோதும் அறியக்கூடாது என்று கண்டிக்கிறார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கிழவரை அகற்றிவிட்டால் மகனோடு பேசிக்கொள்ளலாம் என்று சொலோஸ்ஸோ கணக்குப் போட்டுவிட்டான். பழக்கடை வாசலில் அவர் சுடப்படுவதும் அதன் பிறகு நடக்கும் அத்தனை சாவுகளும் அந்த அரை வாக்கியத்திலிருந்து கிளைத்தவை.

1997 ஜூலையில் சிகாகோவில் நடந்தது இதுதான். ஃபில் ஜாக்சன் அப்போது ஐந்து பட்டங்கள் வென்றுகொடுத்திருந்த பயிற்சியாளர். ஏறக்குறைய 60 லட்சம் டாலருக்கு ஓராண்டு ஒப்பந்தம் போட்டு அவரைத் தக்கவைத்துக்கொண்ட நிர்வாகம், அதை அறிவித்த வேளையிலேயே இதுதான் அவருடைய கடைசி சீசன் என்பதையும் கிரௌஸ் வாயால் ஊருக்குச் சொல்லிவிட்டது. சீசனின் 82 ஆட்டங்களையும் வென்றாலும் நீ போகத்தான் வேண்டும் என்று கிரௌஸ் தன்னிடம் சொன்னதாக ஜாக்சன் பிற்பாடு தெரிவித்தார். ஜாக்சனைத் தவிர வேறொரு பயிற்சியாளரின் கீழ் ஆட மாட்டேன் என்பதை ஜோர்டனும் ஒளிக்கவில்லை. ஆகவே ஒருவரை அனுப்பும் முடிவு இருவரை அனுப்பும் முடிவாக மாறியது. ஜோர்டன் போனால் மற்றவர்கள் எதற்கு இருப்பார்கள் என்ற கேள்வியும் உடன் வந்தது. சீசனின் முதல் பந்து மேலே வீசப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பாகவே சாம்பியன் அணி ஒன்றின் முடிவு நாடறிந்த செய்தியாகிவிட்டது.

அதனால்தான் கிரௌஸ் எனக்குப் பார்சினியாகத் தெரிவதில்லை. பார்சினி கடைசிவரை முகம் காட்டாத எதிரி. கிரௌஸ் சானி, குடும்பத்துக்குள் பிறந்தவர், குடும்பத்துக்காக உழைத்தவர், மனத்தில் உள்ளதை அடக்கத் தெரியாதவர். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் 1987ஆம் ஆண்டு நிகழ்வில் சியாட்டில் அணி எடுத்த பிப்பனை அன்றே பேரம் பேசிச் சிகாகோவுக்குக் கொண்டுவந்தது அவர்தான். ஆல்பனியில் ஒரு சிறிய லீக்கில் பயிற்சியாளராக இருந்த ஜாக்சனை யாரும் சீந்தாத காலத்தில் உதவிப் பயிற்சியாளராக அழைத்ததும், 1989இல் தலைமைப் பொறுப்பைக் கொடுத்ததும் அவர்தான். ஜோர்டனின் நண்பரான சார்ல்ஸ் ஓக்லியை விற்று பில் கார்ட்ரைட்டை வாங்கி ஜோர்டனின் கோபத்தைச் சம்பாதித்தார். அந்தக் கார்ட்ரைட் இல்லாமல் முதல் மூன்று பட்டங்கள் இல்லை. இவ்வளவும் செய்தவரை ஊர் ஜோர்டனின் அதிர்ஷ்டத்தில் பிழைத்தவராகப் பார்த்தது. அவருடைய குட்டையான உருவத்தை ஆட்டக்காரர்கள் பேருந்தில் கேலி செய்தார்கள். பட்டங்களை வெல்வது ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் மட்டுமல்ல, நிறுவனங்கள்தான் என்று அவர் சொன்ன வாக்கியத்தில் ‘மட்டும்’ உதிர்ந்துபோய் அச்சேறியது என்று கடைசிவரை வருந்தினார். அந்த ஒரு சொல் இருந்திருந்தாலும் யாரும் அவரை மன்னித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. அவரை ஃப்ரெடோவோடு ஒப்பிடுகிறவர்களும் உண்டு. அது கொடுமை. ஃப்ரெடோ எதையும் கட்டியவன் அல்லன்.

படத்தின் தொடக்கத்தில் வரும் திருமணத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். மகளின் திருமண நாளில் வந்து கேட்கும் எதையும் சிசிலியத் தந்தை மறுக்கக்கூடாது என்பது வழக்கம். சவ அடக்கம் செய்பவர், ரொட்டிக் கடைக்காரர், பாடகன் என்று வரிசை நீள்கிறது. லூக்கா பிராஸி என்ற அடியாள், தனக்கும் அழைப்பு வரும் என்று எதிர்பார்த்திராதவன், சொல்லப்போகும் வாழ்த்தை ஒரு மூலையில் உட்கார்ந்து திக்கித் திக்கி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறான். அந்த ஒரு அழைப்புக்காக அவன் எதையும் செய்வான் என்பது பார்க்கிறவர்களுக்கு அங்கேயே புரிந்துவிடுகிறது. 1997 கோடையில் கிரௌஸின் வளர்ப்பு மகளுக்குத் திருமணம் நடந்தது. ஜாக்சனுக்கு அழைப்பு இல்லை. அயோவா மாநிலப் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் டிம் ஃப்ளாய்டுக்கு அழைப்பு இருந்தது. ஓராண்டு கழித்து ஜாக்சனின் நாற்காலியில் அமர்ந்தவர் அவர்தான். பத்திரிகையாளர் கூட்டமே தேவைப்படாத அளவுக்கு வெளிப்படையான அறிவிப்பு இது. யாரை அழைப்பது, யாரை விடுவது என்பதில் இருக்கும் அதிகாரத்தை விட்டோ கோர்லியோனி அறிந்திருந்தார். கிரௌஸும் அறிந்திருக்கலாம், ஆனால் அதைத் தன் மனக்காயத்தின் பக்கம் செலவழித்துவிட்டார்.

உங்கள் இரண்டாவது பொருத்தத்துக்கு வருகிறேன். ஜோர்டனுக்கும் மைக்கேல் கோர்லியோனிக்கும் பெயரைத் தவிர அதிகம் ஒட்டாது. மைக்கேலின் ஆற்றல் முழுவதும் முகத்தை அசையாமல் வைத்துக்கொள்வதில் இருக்கிறது. பார்சினியுடன் சந்திப்புக்கு ஏற்பாடு செய்வதாக எவன் வந்து சொல்கிறானோ அவனே துரோகி என்று தந்தை முன்பே எச்சரித்திருக்கிறார். அவர் இறந்து, இடுகாட்டில் சடங்கு நடந்துகொண்டிருக்கும்போது, குடும்பத்தின் பழைய தளபதி டெஸியோ அருகில் வந்து அதே செய்தியைச் சொல்கிறான். மைக்கேலின் கண் கூட இமைப்பதில்லை. ஜோர்டனோ எல்லாவற்றையும் தனக்கு நேர்ந்த அவமதிப்பாக எடுத்துக்கொண்டவர், அவமதிப்பு கிடைக்காதபோது அதைத் தயாரித்துக்கொண்டவர். 1993 மார்ச்சில் லாபிராட்ஃபோர்ட் ஸ்மித் என்ற அவ்வளவாக அறியப்படாத வாஷிங்டன் ஆட்டக்காரர் சிகாகோவில் 37 புள்ளிகள் எடுத்தார். போகும்போது அவர் தன்னிடம் ஏளனமாக ஏதோ சொன்னதாக ஜோர்டன் சக ஆட்டக்காரர்களிடம் கூறி, மறுநாள் அதே அணிக்கு எதிராக முதல் பாதியிலேயே 36 புள்ளிகள் எடுத்து, 47இல் முடித்தார். ஸ்மித் அப்படி எதுவும் சொல்லவில்லை என்பதைப் பிற்பாடு ஜோர்டனே ஒப்புக்கொண்டார். தன் கோபத்தைத் தானே மூட்டிக்கொண்டு ஆடும் மனிதரை மைக்கேல் கோர்லியோனியின் மேசைக்கு அருகில் கூட உட்காரவைக்க முடியாது.

பிப்பன் விஷயத்தில்தான் படம் எனக்கு மிகவும் உதவுகிறது, அதுவும் எதிர்த்திசையில். அவர் 1991இல் ஏழு ஆண்டுகளுக்கு 1.8 கோடி டாலர் என்று கையெழுத்திட்டார். பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பம். தந்தைக்குப் பக்கவாதம், ஓர் அண்ணனுக்கு நடமாட்டமில்லை. அடிபட்டுவிட்டால் கையில் ஏதும் மிஞ்சாது என்ற அச்சத்தில் நீண்ட ஒப்பந்தத்தைத் தேர்ந்தெடுத்தார். இது உனக்கு நட்டம் என்று அணியின் உரிமையாளர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃபே அவரை எச்சரித்ததாகச் சொல்லியிருக்கிறார். அதே ரைன்ஸ்டார்ஃபுக்குக் கையெழுத்தான ஒப்பந்தத்தைத் திறந்து பேசுவதில்லை என்ற கொள்கையும் இருந்தது. 1997-98இல் ஜோர்டனின் சம்பளம் 3.3 கோடி டாலர். ஓர் அணிக்கு லீக் விதித்திருந்த மொத்தச் சம்பள உச்சவரம்பே அந்த ஆண்டு 2.7 கோடிக்குச் சற்றுக் கீழேதான். உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான பிப்பனோ சொந்த அணியின் சம்பளப் பட்டியலில் 6ஆவது இடத்திலும் லீக்கில் 122ஆவது இடத்திலும் இருந்தார். விட்டோ கோர்லியோனியின் உலகத்தில் தாள் கிடையாது. செய்த உதவியை அவர் மறப்பதில்லை, வாங்கியவனும் மறக்கக்கூடாது. கணக்கு வளர்ந்துகொண்டே போகும். சிகாகோவில் கணக்கு 1991ஆம் ஆண்டுத் தாளில் உறைந்துவிட்டது. கோடையில் செய்துகொள்ள வேண்டிய பாத அறுவை சிகிச்சையைப் பிப்பன் வேண்டுமென்றே அக்டோபருக்குத் தள்ளிப்போட்டு, முதல் 35 ஆட்டங்களில் ஆடாமல் இருந்தது அந்தத் தாளுக்கு அவர் சொன்ன பதில். அவர் இல்லாமல் அணி 24 வென்று 11 தோற்றது. ஜனவரியில் அவர் திரும்பிய பிறகு 38 வென்று 9 மட்டுமே தோற்றது. தன் விலை என்ன என்பதை அவர் இதைவிடத் தெளிவாக எழுதிக் காட்டியிருக்க முடியாது.

இனி உங்கள் முக்கியமான கேள்வி: பணமும் வயதும் போதாதா? 1998 ஜூனில் ஜோர்டனுக்கு 35 வயது, பிப்பனுக்கு 32, சக ஆட்டக்காரர் டென்னிஸ் ராட்மனுக்கு 37. துணை ஆட்டக்காரர்களைத் தக்கவைக்கக் கேட்கப்படும் விலை அவர்கள் மதிப்பைத் தாண்டியிருக்கும் என்று ரைன்ஸ்டார்ஃப் பின்னர் விளக்கினார். அது பொய்யான கணக்கு அல்ல. ஆனால் பணமும் வயதும்தான் காரணம் என்றால் அந்த முடிவை 1998 ஜூலையில் எடுத்திருக்கலாம்; ஓராண்டு முன்பே ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டிய அவசியம் எந்தக் கணக்கிலும் இல்லை. அந்த அவசரத்தைப் பணத்தாலும் வயதாலும் விளக்க முடியாது. யார் இந்த வீட்டைக் கட்டியவன் என்ற வழக்கில் தீர்ப்பை உடனே கேட்டுவிட வேண்டும் என்ற தவிப்பால்தான் விளக்க முடியும். படத்தில் எல்லோரும் இது வியாபாரம், சொந்தப் பகை அல்ல என்று சொல்லிக்கொள்கிறார்கள். சுடப்போகிறவனும் சொல்கிறான், சாகப்போகிற டெஸியோவும் சொல்லியனுப்புகிறான். அவர்களில் ஒருவனுடைய காரியமாவது சொந்தப் பகையோ பாசமோ கலக்காதது என்று நம்பிப் படத்தைப் பார்த்து முடிக்க நம்மால் முடியாது. சிகாகோ நிர்வாகத்தின் ‘மறுகட்டமைப்பு’ என்ற பேச்சைக் கேட்கும்போது எனக்கு அந்த நினைவுதான் வருகிறது.

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். சானியின் வாக்கியம் எதிரிக்கு ஆயுதமானது. கிரௌஸின் அறிவிப்பு அவருடைய சொந்த அணிக்கே ஆயுதமாகிவிட்டது. ஜாக்சன் அந்த சீசனுக்குக் ‘கடைசி நடனம்’ என்று பெயர் சூட்டி, ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்த கையேட்டிலேயே அதைப் பொறித்துவிட்டார். களைத்தும் பிணங்கியும் இருந்தவர்களை அந்தப் பெயர் ஒன்றாக நிறுத்தியது. 62 வெற்றிகள், இண்டியானாவுடன் ஏழாவது ஆட்டம்வரை நீண்ட போராட்டம், பிறகு இறுதிப்போட்டியில் யூட்டா ஜாஸ். 1998 ஜூன் 14 அன்று சால்ட் லேக் சிட்டியில் யூட்டாவின் கார்ல் மலோனின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்து, 5.2 நொடிகள் மீதமிருக்கையில் ஜோர்டன் கூடையில் போட்டது 87-86 என்ற வெற்றியையும் ஆறாவது பட்டத்தையும் தந்தது. அன்று மட்டும் அவர் எடுத்தவை 45 புள்ளிகள். வென்ற பிறகு ரைன்ஸ்டார்ஃப் ஜாக்சனைத் திரும்ப அழைத்துப் பார்த்ததாகச் சொல்கிறார், ஜாக்சன் மறுத்துவிட்டார். வெளியே சொல்லிவிட்ட வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள உரிமையாளராலும் முடியவில்லை.

அதன் பிறகு லீக்கே கதவடைப்பில் முடங்கியது. 1999 ஜனவரியில் ஜோர்டன் ஓய்வை அறிவித்தார். பிப்பன் ஹூஸ்டனுக்கும், ஸ்டீவ் கெர் சான் அன்டோனியோவுக்கும், லூக் லாங்லி ஃபீனிக்ஸுக்கும் போனார்கள், ராட்மன் விடுவிக்கப்பட்டார். ஞானஸ்நானச் சடங்கு நடக்கும்போதே ஐந்து இடங்களில் கொலை விழும் அந்தப் பெயர்பெற்ற காட்சியை இதற்கு ஒப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். நான் உடன்பட மாட்டேன். மைக்கேல் அழித்தது எதிரிகளின் குடும்பங்களை. அடுத்த நாள் அவன் குடும்பம் முன்னைவிட வலுவாக இருந்தது. சிகாகோ அழித்துக்கொண்டது தன் குடும்பத்தை. சுருக்கப்பட்ட அந்த 50 ஆட்ட சீசனில் ஃப்ளாய்டின் அணி 13 வென்று 37 தோற்றது. ஜாக்சன் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய் மேலும் ஐந்து பட்டங்கள் வென்றார்.

மகிமை சேர்ப்பது பற்றிய உங்கள் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால் அதிகாரம் கைமாறும்போது ஒரு வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பதை அந்தப் படம் அளவுக்குக் கூர்ந்து பார்த்த படங்கள் குறைவு. கொலையை எடுத்துவிட்டாலும் அந்தப் பார்வை செல்லுபடியாகும். அலுவலகங்களில், கட்சிகளில், விளையாட்டு அணிகளில்.

படத்துக்குள் எங்கும் பொருந்தாதவர் ஒருவர் உண்டென்றால் அது ராட்மன். இறுதிப்போட்டியின் மூன்றாவது ஆட்டத்தில் சிகாகோ 96-54 என்று யூட்டாவை நசுக்கிய மறுநாள், பயிற்சிக்கு வராமல் டெட்ராய்ட் அருகே தொலைக்காட்சி மல்யுத்த மேடையில் ஹல்க் ஹோகனோடு போய் நின்றார். போரின் நடுவில் இப்படிக் காணாமல்போகும் படைவீரனைக் கோர்லியோனிகளின் இன்னொரு தளபதி கிளமென்ஸா என்ன செய்திருப்பான் என்பது படம் பார்த்த உங்களுக்குத் தெரியும். ஜாக்சனோ அபராதத்தோடு விட்டுவிட்டு அடுத்த ஆட்டத்தில் அவரைக் களத்தில் இறக்கினார். கடைசிக் கட்டத்தில் ராட்மன் போட்ட ஃப்ரீ த்ரோக்கள் சிகாகோ 86-82 என்று வெல்ல உதவின.

அன்புடன்.