‘ஏதோ இருக்கிறம்’ என்றால் எத்தனை? – வாசகர் கேள்வி பதில்

வாசகி, கரவெட்டி: மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டுக்கு ஆய்வு என்று வருகிறார்கள். இது மூன்றாம் தடவை. கிணறு, கடன், தோட்டம், அலுவலகங்களில் மரியாதையாக நடத்துகிறார்களா என்று அதே கேள்விகள். கடைசியில், ‘பத்துப் படி உள்ள ஏணியில் உங்கள் வாழ்க்கை எத்தனையாம் படியில்?’ அம்மா எப்போதும் ஐந்துதான். நான் போன முறை சொன்னதை மறந்துவிட்டேன். மாற்றிச் சொன்னால் பொய்க்காரி என்று நினைப்பார்களா? ஏன் எங்கள் வீட்டையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

பதில்: தாராளமாக மாற்றிச் சொல்லுங்கள். மாறியிருக்கிறதா என்று பார்க்கத்தானே வருகிறார்கள்! போன முறை சொன்னதை நினைவுபடுத்திப் பொருத்தமாகச் சொல்ல முயல்வதுதான் ஆய்வைக் கெடுக்கும்.

நானும் பன்னிரண்டு வருஷம் வினாக்கொத்தோடு படலை படலையாக ஏறி இறங்கியவள். 2012-ல் எழுதுமட்டுவாள் பக்கம் ஓர் ஆச்சி. மீளக்குடியேறி அதிக காலமில்லை. தகரக் கொட்டில், ஒழுக்குக்குக் கீழே சட்டி வைத்திருந்தார். ஏணிக் கேள்வியை வாசித்தேன். “எட்டுப் போடு பிள்ளை” என்றார். விளங்கவில்லையாக்கும் என்று திரும்பவும் வாசித்தேன். “எனக்கென்ன காது கேக்காதே? என்ரை வளவிலை, என்ரை கிணத்துத் தண்ணியிலை தேத்தண்ணி வைச்சுக் குடிக்கிறன். எட்டுத்தான்.”

2015-ல் போனபோது கல்வீடு நின்றது. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் கிடைத்திருந்தது. அது போதாமல் தோடு அடைவில், மேற்கொண்டு வட்டிக்கடன். விறாந்தைச் சுவர் பூசாமல் கிடந்தது. கூரை, சுவர், தரை என்ற கேள்விகளுக்கெல்லாம் போன முறையைவிட நல்ல பதிலாக எழுதிக்கொண்டு வந்தேன். ஏணிக்கு வந்ததும் “நாலு” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் முறை நான் பக்கத்து வளவுக்குப் போயிருந்தால் இந்த எட்டும் நாலும் யாருக்குத் தெரியும்? அதனால்தான் உங்கள் வீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லா நீண்டகால ஆய்வும் இப்படியில்லை. அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 1996 முதல் ஆண்டுதோறும் நாட்டுப்புறத்தாருக்குத் தபாலில் கேள்விகள் அனுப்பி வருகிறது. சில கேள்விகள் வருஷா வருஷம் திரும்ப வரும். பதில் எழுதும் ஆட்கள் வேறு. நம்முடைய தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் எடுக்கும் வீட்டு வருமான செலவு ஆய்விலும் ஒவ்வொரு சுற்றுக்கும் வேறு வீடுகள்தான். அதில் ஊர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். ஆச்சியின் கதை தெரியாது.

அம்மாவின் ஐந்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் “எப்பிடி இருக்கிறியள்?” என்றால் “ஏதோ இருக்கிறம்” என்பார்கள். அதற்கு என்ன இலக்கம்? ஆய்வுக்கு வருபவர்களில் பலர் தாங்களாகவே ஐந்து என்று நிரப்பிவிடுவார்கள். மத்தியானம் தாண்டி இன்னும் நாலு வீடு கிடந்தபோது நானும் செய்திருக்கிறேன், மறைக்கவில்லை. கண்ணூறு படும் என்று கூட்டிச் சொல்லாதவர்கள் ஒரு பக்கம்; நிவாரணம் கிடைக்கும் என்று குறைத்துச் சொல்பவர்கள் இன்னொரு பக்கம். மருமகள் குசினி வாசலில் நின்றால் மாமியாரின் படி ஒன்று ஏறும், இல்லையென்றால் இறங்கும். காலமும் இருக்கிறது. மாசி, பங்குனியில் நெல் வெட்டிக் கையில் காசு இருக்கும்போது கேட்பதும், மார்கழி மழைக்குள் கேட்பதும் ஒன்றா? அதனால் ஒழுங்கான ஆய்வு ஒவ்வொரு முறையும் அதே மாதத்தில் வரும், அதே சொல்லில் கேட்கும். ‘திருப்தி’ என்று கேட்டதை அடுத்த முறை ‘சந்தோஷம்’ என்று மாற்றினால் கதை முடிந்தது. சந்தோஷமில்லாமலே திருப்தியாக இருக்கும் ஆட்கள் நம்மிடம் எத்தனை பேர்!

எனக்குப் பெரிய தலையிடி பூட்டின வீடுகள்தான். மூன்று வருஷம் கழித்துப் போனால் படலையில் ஆமைப்பூட்டு. பக்கத்து வீட்டார் “அவை கனடா போட்டினம்” என்பார்கள். ஏஜென்சிக்குக் கட்டக் காசோ காணியோ இருந்தவர்கள் பட்டியலிலிருந்து கழன்றுபோக, மிஞ்சியவர்களை மட்டும் கூட்டிப் பார்த்தால் ஊர் இருந்ததைவிட ஏழையாகத் தெரியும். போனவர்களையும் தேடிப் பிடித்துத் தொலைபேசியில் கேட்கிறார்களா என்று அடுத்த முறை வருபவரிடம் விசாரியுங்கள். அப்படியே, மூன்று முறை எடுத்ததில் என்ன கண்டார்கள் என்று உங்கள் சனசமூக நிலையத்தில் வந்து தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மூன்று தடவை தேத்தண்ணி கொடுத்திருக்கிறீர்கள், கேட்கலாம்.

வாசகர், சுன்னாகம்: இதெல்லாம் தொண்டு நிறுவனங்கள் கொண்டுவந்த புதுப் பழக்கம்தானே?

பதில்: இல்லை ஐயா. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தம் மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பி விபரம் எடுப்பித்தார். அப்படி எடுத்த இருவேல்பட்டு போன்ற ஊர்களுக்கு 1930-களிலும் பிறகும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். நமக்குத்தான் நடுவில் கயிறு அறுந்துபோனது. 1981-க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் முழுமையான குடிசன மதிப்பீடு நடந்தது 2012-ல். 2006/07 வருமான செலவு ஆய்வில் வட மாகாணமே இல்லை. கொழும்பின் வறுமை ஆராய்வு நிலையம் 2012-லும் 2015-லும் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை மாவட்டங்களில் அதே குடும்பங்களைத் தேடிப் போனது. பிழைப்போடு, அரசாங்கத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்றும் கேட்டார்கள். இரண்டு சுற்றுத்தான். இன்னும் பத்து வருஷம் போயிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

வாசகி, வேலணை: மாடு இருக்கிறது என்று சொன்னால் அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவை வெட்டிவிடுவார்களோ?

பதில்: அஸ்வெசும விபரம் எடுக்க வருபவர் வேறு, ஆய்வுக்கு வருபவர் வேறு. முன்னவர் எழுதுவதை வைத்துத்தான் உங்கள் கொடுப்பனவைத் தீர்மானிப்பார்கள். புள்ளிவிபரத் திணைக்களம் எடுத்தால், தனி வீட்டு விபரத்தை வெளியே விடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. மற்றவர்கள் வந்தால் அடையாள அட்டையைப் பாருங்கள். என் பெயர் எங்கே போகும், இதற்கும் கொடுப்பனவுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டுவிட்டுக் கதிரை கொடுங்கள். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்றும் அவர்களிடம் சொல்லலாம். மாட்டை மறைத்து மட்டும் பிரயோசனமில்லை. நீங்கள் ‘இல்லை’ என்று சொல்லி வாய் மூடமுன் அது பின்வளவில் கத்தும். எனக்கு இரண்டு வீட்டில் நடந்திருக்கிறது.