மருந்துப் பையோடு மே மாதம்: கேள்வி பதில்

அரசு மருத்துவமனையில் 33 ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். பெரும்பகுதி டயாலிசிஸ் பிரிவிலும் புற்றுநோய் வார்டிலும் கழிந்தது. வீட்டுக்காரரும் ஆறு ஆண்டுகள் டயாலிசிஸில் இருந்தவர்தான். அவரையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு மே மாதமும் எங்காவது போய்வந்தோம். நோயாளி இருக்கும் வீட்டில் கோடை விடுமுறையை எப்படிக் கழிப்பது என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்தின் அளவை மட்டும் கேட்காதீர்கள். அதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கோவை வாசகர்: அப்பாவுக்குத் திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். பிள்ளைகள் கன்னியாகுமரி போக வேண்டும் என்கிறார்கள். நான்கு நாள் போய்வர முடியுமா?

முடியும். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடித்து, சனி காலை கிளம்பி, ஞாயிறு இரவு வீடு திரும்பினால் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் வாரத்தில் நீண்ட இடைவெளி அதுதான். உடம்பில் நீர் அதிகம் சேருவதும் அப்போதுதான்.

நான்கு நாள் என்றால் நாகர்கோவிலில் ஒரு முறை செய்துகொள்ள வேண்டும். மூன்று வாரம் முன்பே ஒரு மையத்தில் பேசி இடம் பிடியுங்கள். ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகள், உலர் எடை (சேர்ந்த நீரை எடுத்தபின் இருக்க வேண்டிய எடை) எவ்வளவு, கையில் ஃபிஸ்டுலாவா (ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) கழுத்தில் குழாயா, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஹெப்பாரின் எவ்வளவு, கடைசி மூன்று டயாலிசிஸின்போது எழுதிய தாள்கள், எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். ஒருமுறை ஒரு தனியார் மையத்துக்குக் காலை ஆறு மணிக்கே போய் நின்றோம். பரிசோதனை முடிவு பழையது என்று திருப்பிவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த மேசையில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். மறுபடி ரத்தம் கொடுத்து, முடிவு வர மாலையாகிவிட்டது. கடல் பார்க்க வந்த பிள்ளைகள் பகல் முழுக்க வராந்தாவில் தண்ணீர் கேன்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று, இளநீர். வெயில் காலத்தில் வழி நெடுக வெட்டி வைத்திருப்பார்கள். "உடம்புக்கு நல்லது, குடிங்க மாமா" என்று உறவினர் யாராவது நீட்டுவார்கள். அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அது இதயத்தையே நிறுத்திவிடும். மாம்பழம், பலாப்பழம், வாழைப்பழமும் அப்படித்தான். அன்றைக்கு உரிய தண்ணீரைக் காலையிலேயே அளந்து ஒரு பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிடுங்கள். தாகம் பொறுக்க முடியாவிட்டால் ஒரு சிறு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளலாம், அதுவும் கணக்கில் சேரும். ஃபிஸ்டுலா உள்ள கையில் பையை மாட்ட விடாதீர்கள்.

சென்னை வாசகி: அம்மாவுக்குப் புற்றுநோய், 21 நாளுக்கு ஒருமுறை கீமோ. எப்போது வெளியூர் போகலாம்?

பிள்ளைகளின் பள்ளி அட்டவணையை ஒதுக்கி வையுங்கள், கீமோ அட்டவணையை எடுங்கள். பெரும்பாலும் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும், தொற்று எளிதில் பிடிக்கும். அப்போது கூட்டமும் வேண்டாம், கடைச் சட்னியும் வேண்டாம். மூன்றாவது வாரம்தான் உங்களுடையது. இரண்டு நாள் போதும். வெப்பமானியை எடுத்துக்கொள்ளுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் பாரசிட்டமால் கொடுத்துத் தூங்கவைக்காதீர்கள். நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். அதனால்தான் சொல்கிறேன், ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்காதீர்கள். அங்கிருந்து நல்ல மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

எல்லாம் இருக்கட்டும், அம்மாவைக் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் எல்லோருடைய விருப்பமும் இருக்கிறது, அவருடையதைத் தவிர.

ஈரோடு வாசகர்: இன்சுலினை வெயிலில் எப்படி எடுத்துப் போவது?

கையில். மடியில். தோளில். டிக்கியில் மட்டும் வேண்டாம்!

மே மாதம், மதுரை. காரை வெயிலில் நிறுத்திவிட்டுக் கோயிலுக்குள் போனோம். மருந்துப் பை டிக்கியில். செய்தது நான்தான், செவிலியர். இரண்டு மணி நேரம் கழித்து இன்சுலின் புட்டியைத் தொட்டால் அடுப்பிலிருந்து இறக்கிய காபித் தம்ளர்போலச் சுட்டது. பார்வைக்கு ஒரு மாற்றமும் இல்லை, தெளிவாகவே இருந்தது. அதையே போட்டேன். மறுநாள் காலை அவருக்குச் சர்க்கரை 400-ஐத் தாண்டிவிட்டது.

திறக்காத புட்டி 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். திறந்து பயன்படுத்துவதை 30 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய நான்கு வாரம் வைக்கலாம். நம் ஊர் மே மாதத்தில் வீட்டுக்குள்ளேயே 30-க்கு மேல்தான். ஐஸ் வைத்த ஃபிளாஸ்க்கில், புட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். ஐஸ் நேராகப் படக்கூடாது, உறைந்த இன்சுலினும் வீண்தான். தங்கும் இடத்தில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால் பெரிய சட்டியில் ஈர மணல் பரப்பி அதற்குள் சின்னப் பானை வைப்பது பாட்டி காலத்து வழி, இன்றும் பலிக்கிறது. விமானத்தில் போனால் சரக்கோடு அனுப்பாதீர்கள்.

சேலம் வாசகி: அத்தைக்கு நுரையீரல் அடைப்பு நோய், இரவில் ஆக்சிஜன் வைக்கிறோம். குளிர்ச்சியாக இருக்குமே என்று ஊட்டி யோசிக்கிறோம்.

ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் நாலில் மூன்று பங்குதான். நமக்கு அது தெரியாது, அத்தைக்குப் படிக்கட்டில் தெரியும். கொடைக்கானலும் 2,100-ஐ ஒட்டித்தான். உங்கள் ஊர் ஏற்காடு 1,500, ஏலகிரி 1,100 சொச்சம். மருத்துவர் சரி என்றால் ஏலகிரி பாருங்கள், 14 கொண்டை ஊசி வளைவுகளோடு முடிந்துவிடும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வந்தது. 2025-ல் உயர் நீதிமன்றம் வண்டிகளுக்கு எண்ணிக்கையும் வைத்தது. ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. அவ்வளவு வண்டிகளுக்கு நடுவே மலைப்பாதையில் மாட்டிக்கொண்டால் சிலிண்டர் எத்தனை மணி நேரம் வரும் என்று கணக்குப் போட்டீர்களா?

கரூர் வாசகர்: மாரடைப்பு வந்து ஒரு மாதம். ஊட்டி போகலாமா?

இதய மருத்துவரைக் கேளுங்கள். அவர் சரி என்று சொன்னாலும் முதல் பயணம் மலையாக இருக்க வேண்டாம்.

விழுப்புரம் வாசகர்: ஆஸ்துமா உள்ள மகனை ஊட்டிக்கு...

மேலே இரண்டு பதில்கள் இருக்கின்றன. இன்ஹேலர் அவன் சட்டைப் பையில். டிக்கியில் அல்ல.

திருச்சி வாசகர்: புற்றுநோயாளிக்கு ரயிலில் சலுகை உண்டாமே, ராமேஸ்வரம் போகப் பயன்படுத்தலாமா?

கூடாது. அது சிகிச்சைக்கும் மறுபரிசோதனைக்கும் போய்வர மட்டும்தான்.

கடலூர் வாசகி: நாங்கள் போகும்போது பூனையை யாரிடம் விடுவது?

பக்கத்து வீட்டில்.

திருநெல்வேலி வாசகி: இளைய மகனுக்கு ரத்தப் புற்றுநோய், சென்னையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறோம். மூத்தவளுக்குப் பத்து வயது. விடுமுறை முழுவதும் அந்த ஒற்றை அறையில்தான் இருக்கிறாள்.

இந்தக் கேள்விக்காகத்தான் இதற்கு ஒப்புக்கொண்டேன். வார்டில் இருந்த குழந்தைகளை எனக்குத் தெரியும். வார்டுக்கு வெளியே மரத்தடியில் சாப்பாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த அக்காள்களையும் அண்ணன்களையும் அதைவிட நன்றாகத் தெரியும்.

அவளுக்கென்று வாரத்தில் ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். தம்பி வேண்டாம், அவள் மட்டும். நீங்களோ அப்பாவோ யாராவது ஒருவர் கூடப் போங்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குத் திறந்தவுடன் போனால் கத்தரி வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை, போய் ஏமாறாதீர்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. தம்பிக்கு ரத்த அணுக்கள் நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் சொல்லும் நாளில், கூட்டம் வரும் முன் அதிகாலையில் நால்வரும் மெரினா போங்கள். சக்கர நாற்காலியில் இருந்தாலும் கவலையில்லை, மணல் மேல் மரப்பாதை 2022-ல் போட்டார்கள், அந்த டிசம்பர் புயலில் சேதமாகிப் பிறகு சரிசெய்தார்கள். முக்கியமாக, போய்வந்ததை அவள் தம்பியிடம் சொல்லட்டும். "அவனுக்கு ஏக்கமாக இருக்கும், சொல்லாதே" என்று வாயை அடைக்காதீர்கள்.

தஞ்சாவூர் வாசகி, இப்போது சென்னையில்: என் மகனுக்கு 38 வயது, குடல் புற்றுநோய், கீமோ நடக்கிறது. போன வாரம் அவன் வார்டில் படுத்திருக்க, மருமகள் பிள்ளைகளை மாமல்லபுரம் அழைத்துப்போய்ப் படம் எடுத்து அனுப்புகிறாள். விளக்கேற்றக்கூட மனமில்லாத வீட்டில் இது அடுக்குமா? நீங்கள் வேறு "கூட்டிப் போங்கள்" என்று எழுதுகிறீர்கள்.

அன்றைக்கு மகனோடு நீங்கள் இருந்தீர்கள், அல்லவா அம்மா? நீங்கள் இருந்ததால்தான் மருமகளால் போக முடிந்தது. படத்தைப் பார்த்து மகன் என்ன சொன்னார் என்று எழுதவில்லையே.

எங்கள் வார்டில் ஒருவர் இருந்தார். மகள் அலையில் ஓடும் வீடியோவைத் தலையணைக்கு அடியில் வைத்து வைத்துப் பார்ப்பார். நான் வலி மாத்திரையோடு போனால் மாத்திரையை வாங்காமல் முதலில் சார்ஜர் கேட்பார்.

தஞ்சாவூர் வாசகி: சிரித்தான். அவள் மனம் நோகக்கூடாதென்று சிரித்திருப்பான். என் பிள்ளையை எனக்குத் தெரியாதா?

தெரியும். ஆனால் அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

மதுரை வாசகர்: அந்த அம்மா சொல்வதுதான் சரி. 1998-ல் தாத்தா படுக்கையில் இருந்தபோது கொடைக்கானல் போனோம். நாங்கள் அங்கே இருக்கும்போதே அவர் இங்கே போய்விட்டார். அதற்குப் பிறகு என் அப்பா எந்த ஊருக்கும் போகவில்லை.

உங்கள் அப்பாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இருபது நாள் கட்டிலை விட்டு நகராத மகள், காபி வாங்கக் கீழே இறங்கிய பத்து நிமிடத்தில் உயிர் பிரிந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை இல்லை, பலமுறை. பக்கத்திலேயே இருந்தவர்களுக்கும் அந்த நேரம் கிடைப்பதில்லை.

அதற்காக எப்போதும் போகலாம் என்று சொல்லவில்லை. "பார்க்க வேண்டியவர்களை வரச்சொல்லுங்கள்" என்று மருத்துவர் சொல்லிவிட்டால் டிக்கெட்டை ரத்து செய்யுங்கள். அதற்கு முந்தைய நிலையில் இரண்டு மணி நேரத்தில் திரும்பக்கூடிய தூரம் போங்கள். மாமல்லபுரம் அந்தத் தூரம்தான்.

நாகர்கோவில் வாசகி: எனக்கு ஒன்பது வயதில் அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய். இரண்டு கோடையும் வீட்டில் சத்தம் போடாமல் இருந்தோம். சித்தி ஒரே ஒரு நாள் திற்பரப்பு அருவிக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்த என் ஈரத் தலையை அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடியே துவட்டிவிட்டார். அந்த இரண்டு வருடத்தில் அம்மாவைப் பற்றி எனக்கு நன்றாக நினைவிருப்பது அது ஒன்றுதான்.

இதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. தஞ்சாவூர் அம்மா படிக்கட்டும்.

மதுரை வாசகர்: ஊர் என்ன பேசும் என்று யாருமே யோசிக்கவில்லையே?

ஊர் வந்து வார்டில் இரவு விழித்திருந்தால் ஊரையும் கேட்கலாம்.

ஓசூர் வாசகர்: இந்தச் சண்டைக்கு நடுவே ஒரு சின்னச் சந்தேகம். மாமனாருக்கு பைபாஸ் ஆகி நாலு மாதம். ஊட்டி...

ஐயா, மலை ரயில்காரர்கள் எனக்குச் சம்பளம் தருவதில்லை. மேலே போய்ப் படியுங்கள். மாமனாரைக் கேட்டீர்களா?

தஞ்சாவூர் வாசகி: நான் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் அடுத்த கீமோவுக்கு முந்தைய நாள் அவனும் அந்த மாமல்லபுரத்துக்கே போக வேண்டுமாம். பிள்ளைகள் வெண்ணெய் உருண்டைப் பாறையைக் காட்ட வேண்டுமாம். வாயெல்லாம் புண். குளிர்ச்சியாக ஐஸ்கிரீம் கொடுக்கலாமா? வழியில் என்ன கொடுப்பது?

கொடுப்பதற்கு முன் மருந்துச் சீட்டில் ஆக்ஸாலிபிளாட்டின் என்று இருக்கிறதா பாருங்கள். குடல் புற்றுநோய்க்கு அடிக்கடி கொடுக்கும் மருந்து அது. இருந்தால் ஐஸ்கிரீமும் வேண்டாம், ஐஸ் தண்ணீரும் வேண்டாம். குளிர்ச்சி பட்டால் தொண்டை இறுகுவதுபோல் இருக்கும், விரல் நுனியில் முள் குத்தும். மருந்து ஏற்றிய முதல் சில நாட்களில் அதிகம், சிலருக்கு அடுத்த சுற்று வரைக்கும் நீளும்.

குழைய வடித்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலும் வீட்டுத் தயிரும் விட்டுப் பிசைந்து, தாளிக்காமல், மிளகாய் போடாமல் எடுத்துப்போங்கள். குளிரவைக்க வேண்டாம். பாலில் ஊறிய இட்லியும் இறங்கும். புளி, எலுமிச்சை, முறுக்கு வேண்டாம். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து பாட்டிலில் வைத்துக்கொண்டு, சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு முறையும் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

மாலை நான்கு மணிக்குப் பிறகு போய்ச் சேருங்கள், பாறை அதற்கு முன் கொதிக்கும். அவர் ஏற வேண்டாம், கீழே புல்வெளியில் உட்கார ஒரு பாய் எடுத்துக்கொள்ளுங்கள். காரில் ஏசி காற்று அவர் முகத்தில் நேராக அடிக்காமல் திருப்பிவையுங்கள். மருந்துப் பை உங்கள் மடியில் இருக்கட்டும்.