குடும்ப வரலாறு விரும்பிப் படிப்பவர்கள் கொலை மர்மங்களையும் விடாமல் படிக்கிறார்களே, அதில் அப்படி என்ன ஈர்ப்பு?

இரண்டையும் படிக்கவைப்பது ஒரே கேள்விதான். ஒரு வீட்டுக்குள் யாருக்கு எது எப்போது தெரிந்தது, அதை யார் வெளியே சொல்லாமல் விட்டார்கள்? வம்சாவளி எழுதுகிறவர் தேடுவதும் இதை, துப்பறிகிறவர் தேடுவதும் இதை.

ஆனால் இருவர் கையிலும் பாதிதான் இருக்கும். குடும்ப வரலாற்றில் முப்பது நாற்பது வருடம் நீளமாகக் கிடைக்கும், ஒரு நாள்கூட முழுசாகக் கிடைக்காது. பிறந்த தேதி, கல்யாணத் தேதி, இறந்த தேதி எல்லாம் வரிசையாக நிற்கும். யார் எந்த அறையில் படுத்தார்கள், யாரிடம் எத்தனை உடுப்பு இருந்தது என்பதை எந்தக் குடும்பமும் எழுதிவைப்பதில்லை. கொலை விசாரணையில் இது நேர்மாறு. ஒரே ஒரு இரவு நிமிடக் கணக்கில், சத்தியம் வாங்கிக்கொண்டு பதிவாகும். அந்த இரவுக்கு முந்தைய இருபது வருடம் கோர்ட்டுக்கு வேண்டாத சங்கதி. இரண்டும் ஒரே வீட்டில் சந்திக்கும் வழக்கு ஒன்றை எடுத்துப் படித்தால் ஈர்ப்பு எங்கிருக்கிறது என்பது தானாகப் பிடிபடும். அதற்கு 1860ல் இங்கிலாந்தில் நடந்த ரோட் ஹில் ஹவுஸ் கொலையைவிடப் பொருத்தமான வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

வில்ட்ஷயர், சாமர்செட் எல்லையில் ரோட் என்று ஒரு கிராமம். அங்கே தொழிற்சாலை ஆய்வாளர் சாமுவேல் கென்ட்டின் பெரிய வீடு. ஜூன் 29 வெள்ளிக்கிழமை இரவு வீட்டில் 12 பேர் தூங்கப் போனார்கள். சனிக்கிழமை காலை, நான்கு வயது நிறையாத சேவில் என்ற பையன் கட்டிலில் இல்லை. தோட்டத்துக் கழிப்பறைக் குழியில், கழுத்து அறுபட்ட நிலையில் அவன் உடல் கிடைத்தது. கீழ்த்தள வரவேற்பறையின் ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. வெளியாள் வந்து போனதாகக் காட்டத்தான் அது என்று பலர் நினைத்தார்கள்.

குழந்தையின் கட்டிலை முதலில் பாருங்கள். தலையணையிலும் மெத்தையிலும் பையன் படுத்திருந்த பள்ளம் அப்படியே இருந்தது. மேல்விரிப்பு ஒழுங்காக இழுத்துவிடப்பட்டிருந்தது. விரிப்புகளுக்கு நடுவிலிருந்து ஒரு போர்வை மட்டும் உருவப்பட்டிருந்தது. அதே அறையில் படுத்திருந்த ஆயா எலிசபெத் கஃப் விடிகாலை 5 மணிவாக்கில் கண் விழித்து, கட்டில் காலியாக இருப்பதைப் பார்த்து, அம்மா தூக்கிக்கொண்டு போயிருப்பார் என்று நினைத்ததாகச் சொன்னார். போர்வை குறைவதை உடல் கிடைப்பதற்கு முன்பே கவனித்தாரா, பிறகா என்பதில் அவர் பேச்சு ஒத்துவரவில்லை. அவர்மேல் சந்தேகம் விழ அதுவும் ஒரு காரணம். ஒரு போர்வையை 'எப்போது' காணவில்லை என்பது ஒரு பெண்ணின் தலையெழுத்தை மாற்றக்கூடிய கேள்வியாக நிற்கிறது. இந்த மாதிரிக் கேள்விக்காகத்தான் மனிதர்கள் மர்மக் கதை படிக்கிறார்கள்.

இனி சலவைக் கணக்கு. வழக்கின் உயிர்நாடி அங்கேதான். ஜூலை 2 திங்கட்கிழமை, வேலைக்காரி சாரா காக்ஸ் அழுக்குத் துணிகளை எண்ணிக் கூடைகளில் போடுகிறார். மூத்த மகள் மேரி ஆன் உருப்படிகளை நோட்டில் எழுதுகிறார். அப்போது இன்னொரு மகளான 16 வயது கான்ஸ்டன்ஸ் வந்து, தன் பாவாடைப் பையில் பர்ஸ் இருக்கிறதா பார்க்கச் சொல்கிறாள். பிறகு குடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கிறாள். காக்ஸ் கீழே போய்த் தண்ணீர் கொண்டுவருகிறார். கூடைகள் சலவைக்காரி வீட்டுக்குப் போய்ப் பிரிக்கப்பட்டபோது ஓர் உருப்படி குறைந்தது: கான்ஸ்டன்ஸின் இரவு அங்கி.

லண்டன் போலீஸின் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டிலிருந்து ஜூலை 15 அன்று வந்து சேர்ந்த துப்பறியும் அதிகாரி ஜோனதன் விச்சர் இதை இப்படிக் கணக்குப் போட்டார். அவளிடம் இருந்தவை மூன்று அங்கிகள். கொலை இரவில் போட்டிருந்த முதலாவதில் ரத்தம், அது அழிக்கப்பட்டுவிட்டது. அதன்பின் மாற்றிக்கொண்ட இரண்டாவதைத்தான் போலீஸார் பார்த்து, கறை இல்லை என்று விட்டார்கள். மூன்றாவது துவைத்து வைத்தது. திங்கட்கிழமை இரண்டாவது அங்கி கூடைக்குள் போய் நோட்டிலும் ஏறிவிட்டது. காக்ஸ் தண்ணீருக்குப் போன அந்த நேரத்தில் அவள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். இப்போது நோட்டின்படி அங்கி வீட்டைவிட்டுப் போயிற்று, கூடையில் இல்லை. ஆக, தொலைத்தது சலவைக்காரி! காணாமல் போனது கொலை இரவின் அங்கி என்பது யாருக்கும் தோன்றாது.

இரண்டு தடவை படித்துப் பார்க்க வேண்டிய தர்க்கம் இது. ஆனால் கோர்ட்டில் நிற்கவில்லை, ஏனென்றால் இல்லாத ஒரு துணியை எடுத்துக் காட்ட முடியாது. ஜூலை 20ல் கைதான கான்ஸ்டன்ஸ் 27ஆம் தேதி ஜாமீனில் விடப்பட்டாள். ஒரு பெரிய வீட்டுப் பெண்ணின் உள்ளுடுப்பைப் போலீஸ்காரன் எண்ணுவதா என்று பத்திரிகைகள் விச்சரைப் பிய்த்து எடுத்தன. 1864ல் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். 1865 ஏப்ரலில் கான்ஸ்டன்ஸ் தானாக லண்டனுக்கு வந்து, பவ் ஸ்ட்ரீட் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். கறை படிந்த இரவு அங்கியும் சலவை நோட்டும் 1868ல் வில்கி காலின்ஸின் 'த மூன்ஸ்டோன்' நாவலுக்குள் போய்ச் சேர்ந்தன. துப்பறியும் நாவல் என்கிற வகையே ஒரு குடும்பத்தின் துணிக் கணக்கிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கியிருக்கிறது.

இதுவரை மர்மம். 'எப்படி' கிடைத்தது, 'ஏன்' கிடைக்கவில்லை. அதற்குக் குடும்ப வரலாற்றுக்குள் போக வேண்டும்.

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. மூத்த தாரம், இளைய தாரம் என்ற இரண்டு சொல்லிலேயே அந்த வீட்டின் அமைப்பு நமக்கு விளங்கிவிடும். சாமுவேலின் மூத்த தாரத்துக்கு 10 பிள்ளைகள் பிறந்து, ஐந்து பேர் குழந்தைப் பருவத்தைத் தாண்டினார்கள். 1844 வாக்கில் மேரி பிராட் என்ற பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க அந்த வீட்டுக்கு வந்தார். கான்ஸ்டன்ஸ் பிறந்ததும் அதே வருடம். மூத்த தாரம் 1852ல் இறந்தார். 1853ல் சாமுவேல் அந்த ஆசிரியையையே மணந்தார். சேவில் இளைய தாரத்தின் பிள்ளை.

இப்போது தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1856 ஜூலையில் 12 வயது கான்ஸ்டன்ஸ், தம்பி வில்லியமைக் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடினாள். தலைமுடியை வெட்டி, ஆண்பிள்ளை உடை போட்டு, பாத் நகரம்வரை நடந்தே போனார்கள். கழற்றிய உடுப்பையும் வெட்டிய முடியையும் அவள் போட்டது தோட்டத்துக் கழிப்பறையில். நான்கு வருடம் கழித்து உடல் கிடைத்த அதே இடம். விச்சர் இதைப் பிடித்துக்கொண்டார். இன்னொன்று, பட்டியல் போட்டால்தான் கண்ணில் படும்: சேவில் பிறந்தது 1856 ஆகஸ்டில். ஓடிப்போனது, சித்திக்கு அடுத்த பிள்ளை பிறக்கவிருந்த மாதத்துக்கு முந்தைய மாதம். இதை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆனாலும் இரண்டு தேதி பக்கத்தில் வந்து உட்காரும்போது வாசகருக்குள் ஏற்படும் அந்தச் சிலிர்ப்புதான் நீங்கள் கேட்ட ஈர்ப்பு.

வீட்டு வரைபடமும் அப்படித்தான் பேசும். முதல் மாடியில் பெற்றோர், பக்கத்திலேயே இளைய தாரத்துக் குழந்தைகளின் அறை. மூத்த தாரத்துப் பிள்ளைகள் இரண்டாம் மாடியில், சமையற்காரியும் வேலைக்காரியும் படுக்கும் அதே தளத்தில். இதை எந்தச் சாட்சியும் குறையாகச் சொல்லவில்லை. யார் எங்கே படுத்தார் என்று கேட்டபோது பதிவானது, அவ்வளவுதான். கொலை நடக்காத வீட்டின் வரலாற்றில் இந்தத் தகவல் காற்றோடு போயிருக்கும்.

இப்படிப்பட்ட நூல்களைக் கையில் எடுக்கும்போது மூன்று தாள் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றில் வம்சாவளி, இரண்டு தாரம் இருந்தால் இரண்டு பத்தி, இறந்த குழந்தைகளையும் சேர்த்து. இன்னொன்றில் காலவரிசை, வருடம் மட்டும் போதாது, மாதமும் வேண்டும். மூன்றாவதில் வீட்டின் தளங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் 'யார் சொன்னது' என்று ஒரு சொல் எழுதுங்கள்: கண்ணால் பார்த்தவரா, கேட்டவரா, ஊகித்தவரா. பலரும் விடுவது இந்தக் கடைசிக் குறிப்பைத்தான், பாதிப் புத்தகத்தில் குழம்புவதும் அதனால்தான். மின்நூலில் முன்பக்கத்து வம்சாவளிப் படத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்வருவது சிரமம் என்பதால், தாள் அங்கே இரட்டிப்பு உதவி.

தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் மாமியாரைக் குறிக்கும் சொல்லே சிற்றன்னைக்கும் வழங்கியது. கடிதத்தில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு இல்லாத ஒரு கல்யாணத்தை முடித்துவைக்காதீர்கள். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கு வைப்பது சகஜம், எனவே ஒரே பெயரில் இரண்டு பிறப்பு இருந்தால் நடுவே ஓர் இறப்பைத் தேடுங்கள். 1841 மக்கள்தொகைக் கணக்கில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 39 வயதுக்காரர் அதில் 35. பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் இருந்ததால், டிசம்பரில் பிறந்த குழந்தை அடுத்த வருட முதல் காலாண்டுப் பட்டியலில் இருக்கக்கூடும். கல்யாணத் தேதிக்கும் முதல் குழந்தைக்கும் இடையே மாதம் எண்ணுகிறவர்கள் இதை மறந்தால் ஒரு குடும்பத்துக்கே வீண்பழி வரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பள்ளம் ஒரே மூலத்தை நம்புவது. மூத்த திருமதி கென்ட்டுக்குப் புத்தி பேதலித்திருந்தது என்று நூல்களில் படிப்போம். அந்தச் செய்தி பெரும்பாலும் 1861ல் சாமுவேலின் நண்பரான ஒரு மருத்துவர் எழுதிய நூலிலிருந்து வருகிறது. 1929ல் சிட்னியிலிருந்து பெயர் போடாமல் ஒரு கடிதம் லண்டனுக்கு வந்தது. எழுதியவர் கான்ஸ்டன்ஸ்தான் என்று பலரும் கருதுகிறார்கள். அதில் அந்தத் தாய் பைத்தியம் இல்லை, வீட்டில் ஒதுக்கிவைக்கப்பட்டவர். ஒரே பெண்ணைப் பற்றி இரண்டு சாட்சியம், இரண்டு பேருக்கும் சொந்த நோக்கம் உண்டு. செத்துப்போனவர் வந்து மறுக்க முடியாது என்பதால், இங்கே அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதுவது அநியாயம். சேவில் விஷயத்திலும் அதே கவனம் வேண்டும். புதிரின் சுவையில் அவன் ஒரு துப்பாகச் சுருங்கிவிடக் கூடாது. அவன் ஒரு குழந்தை, அவனைப் பெற்றவர் அந்த இரவில் அடுத்த பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார்.

கொலையாளி தெரிந்ததும் நூலை மூடிவிடுகிறவர்கள் குடும்ப வரலாற்றின் மிச்சத்தை இழக்கிறார்கள். கான்ஸ்டன்ஸுக்கு விதித்த தூக்கு ஆயுளாகக் குறைந்தது. 20 வருடம் சிறையில் இருந்து 1885ல் வெளியே வந்தார். பிறகு ஆஸ்திரேலியா போய், ரூத் எமிலி கே என்ற பெயரில் செவிலியராக வேலை செய்து, 1944 ஏப்ரலில் 100 வயதில் இறந்தார். கூட ஓடிவந்த தம்பி வில்லியம் கடல்வாழ் உயிரியல் அறிஞரானார்; கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டைப் பற்றி 1893ல் அவர் வெளியிட்ட படங்கள் நிறைந்த நூல் அந்தத் துறையில் பேர்பெற்றது.

ஒப்புதல் வாக்குமூலத்தையும் ஓர் ஆவணமாகத்தான் படிக்க வேண்டும். அங்கியை எரித்துவிட்டதாக அவள் சொன்னது விச்சரின் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஆயுதம் அப்பாவின் சவரக் கத்தி என்றாள். கழுத்துக் காயத்துக்கு அது பொருந்தும். பையனின் மார்பில் ஆழமான ஒரு குத்துக் காயமும் இருந்தது. சவரக் கத்திக்குக் குத்துமுனை கிடையாது. உங்கள் காலவரிசைத் தாளில் அந்த இரவுக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டுவையுங்கள்.