சர்க்கரை ஆலைச் சுடுநீரில் வண்ண மீன்: என்ன மருந்து போடலாம்?

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் நிலம் ஒரு சர்க்கரை ஆலையை ஒட்டி இருக்கிறது. ஆலை தன் சுடுநீரைத் தெளித்து ஆறவைக்கும் ஸ்ப்ரே பாண்டிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் வாய்க்காலில் எங்கள் பக்கம் வருகிறது. இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் ஆலைச் சுடுநீரில் கப்பி மீன்கள் தானாகப் பெருகுவதை வீடியோவில் பார்த்தேன். அதை நம்பி 10 சென்ட்டில் குளம் வெட்டி, கொளத்தூரிலிருந்து கப்பி, மோலி, ஏஞ்சல் வாங்கி விட்டேன். பாசி தின்னட்டும் என்று கொஞ்சம் டேங்க் கிளீனர் மீனும் விட்டேன். ஒரு மாதம் நன்றாக இருந்தன. இப்போது விடியற்காலையில் மேலே வந்து வாய் பிளக்கின்றன, வால் கரைகிறது. போன வாரம் ஒரே இரவில் பாதி செத்து மிதந்தன. கடைக்காரர் வெள்ளைப்புள்ளி நோய் என்று சொல்லி நீல மருந்து, ஆக்சிஜன் மாத்திரை, புரோபயாடிக் கொடுத்தார். 6,000 ரூபாய் ஆகிவிட்டது. அடுத்து என்ன மருந்து போடலாம்?

பதில்: எதுவும் போடாதீர்கள் தம்பி. முதலில் வாய்க்கால் மடையை அடையுங்கள். இரண்டு மூன்று நாள் தீனியை நிறுத்துங்கள். போர் தண்ணீரை நேராகக் குழாயில் விடாமல், தகரத்தில் துளை போட்டு மழை மாதிரி விழ விடுங்கள். பூமிக்கடியில் இருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, காற்றைத் தொட்டுத்தான் அது ஏறும். காற்று ஊதும் ஏரேட்டர் இருந்தால் இரவு 10 மணிக்குப் போட்டு வெயில் ஏறிய பிறகு நிறுத்துங்கள். வால் கரைந்த மீன்களைத் தனித் தொட்டியில் எடுத்து, லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பு போட்டு வையுங்கள். பிழைப்பது பிழைக்கும்.

வெள்ளைப்புள்ளி என்று சொன்னவர் உங்கள் குளத்தில் வெப்பமானி வைத்துப் பார்த்தாரா? அந்தக் கிருமி குளிர்ந்த தண்ணீரில் ஆடுகிற ஆட்டம், 30 டிகிரி தாண்டினால் அடங்கிவிடும். வால் கரைவதும் செதில் ஓரம் வெளுப்பதும் பெரும்பாலும் காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா வேலை. அது சூட்டில்தான் கொழுக்கும். அதுவும் மூச்சுத் திணறிச் சோர்ந்த மீனைத்தான் முதலில் பிடிக்கும். ஆக, கடைக்காரர் நோயையே மாற்றிச் சொல்லி மருந்து விற்றிருக்கிறார். மீனையும் விற்று, அதன் நோய்க்கு மருந்தையும் விற்கிற கடையில் உங்கள் மீன் ஆரோக்கியமாக இருக்கிறது என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆக்சிஜன் மாத்திரையைப் பற்றி ஒரே வரி: 10 சென்ட் குளத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

சரி, இனி நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கு எதற்கு ஆலைத் தண்ணீர்?

நீங்கள் பார்த்த வீடியோ பொய்யில்லை. இங்கிலாந்தில் செயின்ட் ஹெலன்ஸ் ஊரில் பில்கிங்டன் கண்ணாடி ஆலை விட்ட சூடான நீரால் அங்கிருந்த கால்வாயின் ஒரு பகுதிக்கு 'ஹாட்டீஸ்' என்றே பெயர். வீட்டுத் தொட்டி மீனை யாரோ கொண்டுபோய்க் கொட்ட, கப்பியும் திலேப்பியாவும் அதில் வாழ்ந்தன. சுடுநீர் வரத்து நின்றதும் அவையும் போயின. ஜெர்மனியில் கொலோன் பக்கம் கில்பாக் என்ற ஓடை. நீடராவுசெம் பழுப்பு நிலக்கரி மின்நிலையத்தின் குளிர்விப்பு நீர்தான் அதில் ஓடுகிறது. அங்கும் கப்பி, வரிக்குதிரை மாதிரி கோடு போட்ட சிக்லிட் எல்லாம் உண்டு. வெளியே பனி கொட்டும்போது ஆலை வாயருகே வெதுவெதுப்பாக இருப்பதால் அவை தப்பிக்கின்றன. கீழே போகப் போகத் தண்ணீர் குளிர்ந்துவிடும், மீனும் இருக்காது.

அங்கே சூடு உயிர் காக்கிறது. நம் ஊரில் வெறும் குளமே சித்திரையில் 32 டிகிரிக்கு வந்துவிடும். கப்பியும் ஏஞ்சலும் சுகமாக இருப்பது 24 முதல் 28 வரை. அதன்மேல் ஆலைச் சூட்டையும் ஏற்றினால் என்ன ஆகும்? 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8.2 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் பிடித்துக்கொள்ளும். 35 டிகிரியில் 7-க்கும் குறைவுதான். அதே 10 டிகிரி ஏற்றத்தில் மீனுக்கு மூச்சுத் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. வரவு குறைந்து செலவு ஏறுகிறது.

இதைவிடப் பெரிய விஷயம், அது வெறும் சுடுநீர் இல்லை. கரும்புப் பாகு கொதிக்கும் பெரிய கொப்பரையிலிருந்து வரும் நீராவியைக் குளிர்வித்த தண்ணீர் அது. ஆவியோடு கொஞ்சம் சர்க்கரையும் அடித்துக்கொண்டு வரும். ஆலைக்காரர்கள் கேரி-ஓவர் என்பார்கள். உங்கள் வாய்க்கால் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி வழுவழுவென்று ஏதாவது ஒட்டியிருக்கிறதா, புளித்த வாடை வருகிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுதான் பதில். சர்க்கரையைத் தின்கிற பாக்டீரியா இரவெல்லாம் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள, விடியற்காலையில் மீன் வாய் பிளக்கும். சர்க்கரை புளித்துத் தண்ணீர் அமிலமானால் ஆலையில் சுண்ணாம்பு போடுவார்கள். பாசி கட்டாமல் இருக்கக் குளோரினோ வேறு மருந்தோ போடுவார்கள். அவர்கள் இயந்திரத்துக்கு அது தேவை, குறை சொல்ல முடியாது. ஆனால் மீன் கழிவால் குளத்தில் அம்மோனியா சேரும். 30 டிகிரியில் பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) 7 இருக்கும்போது 100 பங்கு அம்மோனியாவில் 1 பங்குகூட விஷ வடிவில் இருக்காது. சுண்ணாம்பு ஏறிப் பிஎச் 9 ஆனால் சுமார் 45 பங்கு விஷம். ஒரே இரவில் பாதி மீன் செத்தது என்றால், சர்க்கரையோ சுண்ணாம்போ குளோரினோ, அன்று ஆலையிலிருந்து ஏதோ ஒன்று மொத்தமாக வந்திருக்கிறது என்பதே என் சந்தேகம். குளோரினை முறிக்க ஹைப்போ போடலாமே என்பீர்கள். ஓடுகிற தண்ணீரில் எப்போது வரும் என்று தெரியாத குளோரினுக்கு எந்த நேரத்தில் எவ்வளவு போடுவீர்கள்?

இனி நான் எல்லோரிடமும் அடித்துச் சொல்வது. பணம் போடுவதற்கு முன் ஹாப்பா போடுங்கள். கொசுவலைத் துணியில் தைத்த நான்கடிப் பெட்டி வலை, மூங்கில் குச்சி நான்கு. பத்துப் பதினைந்து மலிவான கப்பியை உள்ளே விட்டு, மடை வாயில் வாய்க்கால் பக்கம் ஒன்று, குளத்து நடுவில் ஒன்று, போர் தண்ணீர்த் தொட்டியில் ஒன்று என்று மூன்று இடத்தில் வையுங்கள். விடியற்காலை 5 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் வெப்பம், பிஎச், எத்தனை மீன் உயிரோடு இருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். பகல் 11 மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்பவர்களை நான் நம்புவதில்லை. பாசி உள்ள குளத்தில் அந்த நேரம் ஆக்சிஜன் தளும்பும். ஒரு வாரம் போதாது. ஆலை சுத்தம் செய்யும் நாள், அரவை நின்று மறுபடி தொடங்கும் நாள், இரண்டையும் அந்தக் கப்பிகள் பார்த்துவிட வேண்டும். மடை வாய் வலையில் மட்டும் சாவு விழுந்தால் வழக்கு முடிந்தது. தண்ணீர் பரிசோதனைச் சீட்டு எடுத்த அன்றைய கதையை மட்டும் சொல்லும். ஹாப்பா மீன் நள்ளிரவுக் கதையையும் சொல்லும். சில நூறு ரூபாய் வேலை இது. செய்யச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள், மருந்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

ஆலைச் சூட்டை விட மனமில்லை என்றால் சூட்டை மட்டும் எடுங்கள், தண்ணீரை எடுக்காதீர்கள். மார்கழி, தையில் இரவு குளிர்ந்து ஏஞ்சல் முட்டை வைப்பது மந்தமாகும்போது ஆலையில் அரவை நடந்துகொண்டிருக்கும். ஆலையில் எழுத்தில் அனுமதி வாங்கி, அந்தச் சுடுநீரைக் கறுப்பு ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் குழாயில் உங்கள் குஞ்சுத் தொட்டிக்குள் சுருளாக ஓட்டித் திரும்ப வாய்க்காலிலேயே விடுங்கள். பிளாஸ்டிக் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், நீளம் தாராளமாக வேண்டும். வேகமாகச் சூடேறும் என்று யாராவது செம்புக் குழாய் விற்க வந்தால் திருப்பி அனுப்புங்கள். செம்பு கரைந்தால் மீனுக்கு விஷம். தொட்டியில் போர் தண்ணீர், மேலே நிழல்வலை. மடை எப்போதும் மூடியே இருக்கட்டும்.

அப்புறம் அந்த டேங்க் கிளீனர். எல்லாம் செத்தாலும் அது சாகாது. காற்றை விழுங்கியே மூச்சை ஓட்டும், கரையில் வளை தோண்டி முட்டை வைக்கும். தமிழ்நாட்டில் பல ஏரிகளில் அது பெருகி மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. குளத்தை வற்றடிக்கும்போது ஒன்று விடாமல் பிடித்துப் புதையுங்கள், பாவம் பார்த்து வாய்க்காலில் விடாதீர்கள்.