கண்ணை மூடினால் போதுமா? விசுவாசமும் பொழுதுபோக்கும்: கேள்வி பதில்

நான் போதகர் இல்லை. திருகோணமலையில் இருபது வருடமாக ஓய்வுநாள் பாடசாலையில் படிப்பிக்கிறேன். படம், பாட்டு, போன் பற்றி மனதில் கிடப்பதைக் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அண்ணா, நான் உயர்தரம் படிக்கிறேன். சினிமா பார்ப்பது பாவமா? ஒரே சொல்லில் சொல்லுங்கள். (பாலையூற்று)

பதில்: இல்லை, தம்பி. ஆனால் அந்த ஒரு சொல்லோடு எழும்பிப் போய்விடாதீர்கள். பழைய கிரேக்க தேசத்துக் கொரிந்து எங்கள் ஊரைப் போல ஒரு துறைமுக நகரம். நாடக அரங்கு இருந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பக்கத்தில் பெரிய விளையாட்டு விழா நடந்தது. அப்போஸ்தலன் பவுல் அந்த ஊர்ச் சபைக்கு எழுதும்போது விளையாட்டைத் திட்டவில்லை. பந்தயத்தில் ஓடுகிறவர்களையே உதாரணமாக எடுத்தார். அதே கடிதத்தில்தான் "நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்றும் எழுதினார். நிறுத்த நினைத்த நேரத்தில் உங்களால் நிறுத்த முடிகிறதா? அதை முதலில் பாருங்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் மட்ச் பார்க்கலாமா?

பதில்: ஆராதனைக்குப் போய்விட்டு வந்து பாருங்கள். நானும் பார்ப்பேன்.

கேள்வி: கெட்டது எதுவும் பார்ப்பதில்லை. சமையல், பகிடி, சில சாட்சி வீடியோக்கள்தான். ஐந்து நிமிடம் என்று போனை எடுத்தால் இரவு ஒரு மணியாகிவிடுகிறது. பிறகு ஜெபிக்க மனம் வருவதில்லை. என் விசுவாசம் குறைந்துவிட்டதா? (வேலைக்குப் போகும் சகோதரி, உப்புவெளி)

பதில்: தங்கச்சி, பழைய காலத்து ஆயர் அகுஸ்தீனார் தன் நண்பர் அலிப்பியுஸைப் பற்றி எழுதியது நினைவுக்கு வருகிறது. நாலாம் நூற்றாண்டு, ரோமாபுரி. சட்டம் படிக்கப் போன அலிப்பியுஸை, மனிதனை மனிதன் வெட்டும் அரங்குக்குக் கூட்டாளிகள் இழுத்துப் போனார்கள். உடம்பைத்தான் கொண்டுபோகிறீர்கள், மனதை முடியாது என்று சொல்லிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு இருந்தார். ஒருவன் விழுந்தான். சனம் ஒரே குரலில் கத்தியது. என்னவென்று கண்ணைத் திறந்தார், அவ்வளவுதான். பிறகு மற்றவர்களையும் அங்கே இழுத்துப் போகிற ஆளாகிவிட்டார். அந்த மனிதர்தான் பிற்காலத்தில் வட ஆபிரிக்காவில் தகாஸ்தே நகரின் ஆயர்.

அவர் கண்ணை மூடினார், காதை மூடவில்லை. தன் மனவுறுதியை நம்பி அரங்குக்குள் போய் இருந்ததுதான் பிழை. உங்கள் கையில் இருப்பது அதைவிடக் கெட்டித்தனமான அரங்கு. தியேட்டரில் படம் முடிந்தால் லைற் போடுவார்கள், வீட்டுக்குப் போவோம். பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் இருக்கிறது. இங்கே அடுத்த வீடியோ தானாக ஓடும், பக்கத்துக்கு அடியே கிடையாது. நீங்கள் எழும்பிப் போகக்கூடாது என்றே அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். ஆகவே உங்களையே குற்றம் சொல்லி அழ வேண்டாம். போனைக் குசினியில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு அறைக்குள் போங்கள். எழும்புவதற்கு ஒரு அலாரம் மணிக்கூடு வாங்குங்கள்.

மாற்கு முதலாம் அதிகாரத்தில் இயேசு இருட்டோடு எழும்பி, வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். சீஷர்கள் தேடிப் பிடித்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறார்கள். அந்த வசனத்தை வாசிக்கும்போதெல்லாம் போன் அடிக்கிற சத்தம்தான் எனக்குக் கேட்கிறது. அவரைத் தேடியது நோயாளிகள். அதையும் விட்டுத்தான் அந்த நேரத்தை எடுத்தார்.

கேள்வி: குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளின் கண் போனில். அவர்களின் அப்பாவும் அப்படித்தான். ஏசி ஏசிக் களைத்துவிட்டேன்.

பதில்: ஏச வேண்டாம் அக்கா. எங்கள் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் ரின் வைத்தோம். ஜெபத்துக்கு முன் எல்லாப் போனும் அதற்குள், முதலில் என்னுடையது. முதல் கிழமை அது தகரத்துக்குள் கிடுகிடுவென்று அதிரும், எல்லோரும் ரின்னையே பார்ப்போம். சின்னவள் மூடியைக் கையால் அமத்திக்கொண்டே "பரமண்டலங்களிலிருக்கிற" சொன்னாள். மூன்றாம் கிழமை யாரும் திரும்பவில்லை. அப்பாவின் போன் வெளியே இருந்தால் மட்டும் இது நடக்காது.

கேள்வி: இரவில் வலை விட்டுவிட்டுப் படகில் காத்திருக்கும்போது போனில் படம் பார்ப்போம். வேறு என்ன செய்வது?

பதில்: பாருங்கள் அண்ணா. கடலில் கண் விழிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது கரையில் இருக்கிற எனக்கு விளங்காது. ஆனால் வலை இறங்கியதும் கொஞ்ச நேரம் போனை எடுக்காமல் இருங்கள். திரளான தண்ணீர்களிலே தொழில் செய்கிறவர்கள் ஆழத்திலே கர்த்தருடைய அதிசயங்களைக் காண்கிறார்கள் என்று 107ஆம் சங்கீதம் உங்களைப் பற்றித்தான் சொல்கிறது.

கேள்வி: எங்கள் சபை ஆராதனையே இப்போது கச்சேரி போல இருக்கிறது. சரியா?

பதில்: மேளமும் தாளமும் 150ஆம் சங்கீதத்திலேயே இருக்கின்றன, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சனம் பாடுகிறதா, பார்த்துக்கொண்டு நிற்கிறதா? 2022இல் மின்வெட்டு நாட்களில் எங்கள் ஆராதனை ஒலிபெருக்கி இல்லாமல் நடந்தது. பின் வாங்கில் இருக்கிற அம்மாக்கள் பாடுவது அன்றுதான் எனக்குக் கேட்டது. மாதத்தில் ஒரு பாட்டையாவது வாத்தியம் இல்லாமல் பாடுவோமா என்று உங்கள் போதகரிடம் கேட்டுப் பாருங்கள்.